ஈம் ஊருக்குப் போகிற பிள்ளைக்கு

படிக்க வந்த இடத்தில், கிடைத்த முதல் விடுமுறைக்கு லண்டனை விட்டுவிட்டு டெர்பிஷயரில் ஒரு சின்ன ஊரைப் பார்க்கப் போகிறேன் என்றாய். சந்தோஷமாக இருந்தது. கூட வர என் முழங்கால் சம்மதிக்காது. துணைக்கு ஆள் வேண்டாம், போனில் ஆடியோ வழிகாட்டி இருக்கிறது, அது சொல்லச் சொல்ல நடந்துவிடுவேன் என்கிறாய். சரி. அந்தக் குரல் வழி சொல்லும், வருஷம் சொல்லும், பெயர் சொல்லும். ஊருக்குள் எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லாது. ஷெஃபீல்டில் குடியிருந்த காலத்தில், வந்த விருந்தாளிகளை எல்லாம் ஈமுக்குக் கூட்டிப் போனவள் உன் பெரியம்மா. ஊரைப் பார்த்ததை விட, ஊர் பார்க்க வந்தவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எனக்கு அதிகம்.

1. முதல் நாள் ராத்திரியே வேலையை முடித்துக்கொள். அந்தப் பக்கம் மலையும் பள்ளமும். சிக்னல் வரும், போகும். அறையில் வைஃபை இருக்கும்போதே முழுச் சுற்றையும் வரைபடத்தோடு போனில் இறக்கி வை. பவர் பேங்கைப் பையில் போட்டுக்கொள். போனைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

2. கதையை வீட்டிலேயே ஒருமுறை படித்துவிட்டுப் போ. தெருவில் நின்று முதல்முறையாகக் கேட்கிறவர்களுக்குக் கதையிலேயே கவனம் போய்விடும். எதிரே இருக்கிற கல்லும் மண்ணும் கண்ணில் படாது. காது முந்தினால் கண் பிந்தும்.

சுருக்கம் இதுதான். 1665-ல் லண்டனை பிளேக் வாட்டிக்கொண்டிருந்தபோது, ஈமிலிருந்த அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்டு என்ற தையல்காரர் வீட்டுக்கு லண்டனிலிருந்து ஒரு துணிமூட்டை வந்தது. ஈரமாயிருந்த துணியை அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் அடுப்பருகே விரித்துக் காயவைத்தார் என்றும், துணியோடு தெள்ளுப்பூச்சியும் வந்தது என்றும் ஊர் சொல்கிறது. செப்டம்பர் 7 அன்று விக்கர்ஸ் இறந்தார். குளிரில் சற்றுத் தணிந்த நோய் அடுத்த கோடையில் மறுபடி மூண்டது. 1666 ஜூனில் போதகர் வில்லியம் மொம்பெசனும், அவருக்கு முன்பு அங்கே ஊழியம் செய்த தாமஸ் ஸ்டேன்லியும் சேர்ந்து ஊரைப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். இறந்தவரை அவரவர் வீட்டாரே தங்கள் தோட்டத்திலோ வயலிலோ புதைத்துக்கொள்வது. ஆராதனையைத் தேவாலயத்தை விட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில் திறந்தவெளியில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று நடத்துவது. எல்லையைத் தாண்டி யாரும் வெளியே போவதில்லை, உள்ளே வருவதுமில்லை. அந்த நவம்பரில் நோய் ஓய்ந்தபோது சுமார் 260 பேர் போயிருந்தார்கள்.

நோய்க்கிருமியை யெர்சின் என்ற மருத்துவர் ஹாங்காங்கில் கண்டது 1894-ல். தெள்ளுப்பூச்சிதான் அதைப் பரப்புகிறது என்று சிமோன் என்ற மருத்துவர் கராச்சியில் காட்டியது 1898-ல். அதற்கு இருநூறு வருஷத்துக்கு மேல் முந்தியவர்கள் இவர்கள். எதனால் சாகிறோம் என்று தெரியாமலே இதையெல்லாம் செய்தார்கள். தெருவில் கால் வைக்கும்போது இது உன் மனதில் இருந்தால் போதும்.

3. இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டு. சில இடங்களில் நடைபாதை ஒடுங்கிவிடும், சில இடங்களில் இருக்கவே இருக்காது. அதே தெருவில்தான் பஸ்ஸும் டிராக்டரும் வரும். அது உயிருக்கான காரணம். இன்னொன்றும் உண்டு. எதிரே நாயோடு வருகிற கிழவர் “மார்னிங்” என்பார். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு போகிறவளுக்கு அது கேட்காது. அவர் ஊரில், அவர் வீட்டு வாசலில், அவருக்குப் பதில் சொல்லாமல் போவது நம் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அழகில்லை. ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துக் கேட்பதைப் பற்றி உன்னிடம் நான் சொல்லவே வேண்டியதில்லை.

4. தேவாலயத்தை ஒட்டி வரிசையாக நிற்பவை ‘பிளேக் வீடுகள்’. குரல் உன்னை அங்கே நிறுத்தி, இந்த வீட்டில்தான், இந்தக் கதவுக்குப் பின்னால்தான் என்று தொடங்கும். நிமிர்ந்து பார். ஜன்னலில் ஜெரேனியம் தொட்டி இருக்கும், உள்ளே யாரோ டீ போட்டுக்கொண்டிருப்பார்கள். அவை இன்றைக்கும் ஆள் குடியிருக்கும் வீடுகள். என்னோடு வந்த ஒருவர் நல்ல படிப்பாளி. ஆர்வத்தில் கையைக் கண்ணாடியில் குவித்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பெண்மணி சாப்பாட்டு மேஜையிலிருந்து எழுந்து வந்து, முகத்தில் கோபம் எதுவும் காட்டாமல் திரையை இழுத்து மூடினார். அவர் திட்டியிருந்தால் கூட எனக்கு அவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

தெருவில் நின்று பார், வேலியைத் தாண்டாதே. படம் எடுத்தால் வீட்டை எடு, வீட்டுக்குள்ளிருப்பதை எடுக்காதே.

5. ஒவ்வொரு வீட்டு முன்னாலும் ஒரு பலகை இருக்கும். அதை அவசரப்படாமல் படி. விக்கர்ஸ் இறந்த வீட்டுப் பலகையை எடுத்துக்கொள். அந்த வீட்டுக்காரி மேரி. முதல் கணவரின் குடும்பப் பெயர் கூப்பர். மறுமணம் செய்துகொண்டது தையல்காரர் ஹாட்ஃபீல்டை. செப்டம்பர் 7, வேலைக்காரர் விக்கர்ஸ். செப்டம்பர் 22, சின்ன மகன் எட்வர்டு. அக்டோபர் 2, பெரிய மகன் ஜோனத்தன். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 3, கணவர். மேரி மட்டும் பிழைத்தாள். சொந்தத்தில் பதின்மூன்று பேரைப் பறிகொடுத்தாள். இரண்டாவது மகன் போனதற்கும் கணவர் போனதற்கும் நடுவே பத்து மாதம் இருக்கிறது, பார். அந்தப் பத்து மாதமும் அதே வீட்டில், அதே அடுப்பில் அவர்கள் இருவரும் சமைத்துச் சாப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு நிமிஷத்தில் அடுத்த நிறுத்தத்துக்குப் போகச் சொல்கிற குரலுக்கு இதையெல்லாம் சொல்ல நேரம் இருக்காது. நிறுத்து பொத்தானை அழுத்திவிட்டு தேதிகளை நீயே கூட்டிக் கழித்துப் பார்.

பக்கத்திலேயே ரோஸ் காட்டேஜ். அங்கே தார்ப் குடும்பத்தில் ஒன்பது பேர், ஒருவரும் மிஞ்சவில்லை.

6. குரல் உருகுகிற இடத்தில் எல்லாம் நீயும் உருகவேண்டும் என்று கட்டாயமில்லை. பின்னணியில் வயலின் ஏறினால் கொஞ்சம் உஷாராகிக்கொள். ஈமைப் பற்றிச் சொல்லப்படுவதில் உறுதியான செய்தியும் இருக்கிறது, பின்னால் வந்தவர்கள் பூசிய மெருகும் இருக்கிறது.

எமட் சிடல் என்ற ஈம் பெண்ணும் பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனிலிருந்து வந்த ரோலண்ட் டோரும் பள்ளத்தாக்கின் இரு கரையிலும் நின்று பேசாமல் பார்த்துக்கொண்டார்கள், ஒரு நாள் அவள் வரவில்லை என்ற காதல் கதையைக் கட்டாயம் கேட்பாய். அழகான கதை. எமட் இறந்தது பதிவில் உண்டு. கரையில் நின்ற காட்சியைப் பதிவேடு சொல்லவில்லை, தலைமுறை தலைமுறையாக வாய்கள்தான் சொல்லி வந்தன. வில்லியம் வுட் என்ற ஈம்காரர் 1842-ல் ஊர் வரலாற்றைப் புத்தகமாகப் போட்ட பிறகு இந்தக் கதைகள் வெகுதூரம் பரவின. ஈமின் கதைக்கு வீரத் தியாகம் என்ற வடிவம் எப்படிப் படிப்படியாக ஏறியது என்று பாட்ரிக் வாலிஸ் என்ற வரலாற்றாசிரியர் 2006-ல் விரிவாக எழுதியிருக்கிறார். குழந்தைகள் வட்டமாகச் சுற்றி விழுகிற அந்த ரோஜாப் பாட்டு பிளேக்கிலிருந்து பிறந்தது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர். நாட்டார் வழக்காற்று அறிஞர்கள் அதை ஏற்பதில்லை.

எண்ணும் அப்படித்தான். ஊரின் மொத்த ஜனத்தொகை 350 என்று வைத்தால் முக்கால்வாசிப் பேர் செத்தார்கள் என்றாகும். பிறகு ஆராய்ந்தவர்கள் எழுநூறு, எண்ணூறு பேர் இருந்திருக்கலாம் என்கிறார்கள். அப்போது மூன்றில் ஒருவர். எதை எடுத்துக்கொண்டாலும் 260 குழிகளில் ஒன்றும் குறையவில்லை. இதைச் சொல்லும்போது சிலர் எனக்குக் கல்நெஞ்சு என்பார்கள். மெருகைச் சுரண்டிப் பார்த்த பிறகும் அந்த ஊர்மேல் எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது.

7. யாரையும் தெய்வமாக்காதே, ஆக்கினால் அவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஸ்டேன்லி பியூரிட்டன் பக்கத்துக்காரர். 1662-ல் வந்த வழிபாட்டுச் சட்டத்துக்கு இணங்காததால் பதவி போனவர். மொம்பெசன் அந்தச் சட்டத்தின் ஆள்; 1664-ல் வந்த இளைஞர். ஊரில் பலர் பழைய போதகர் பக்கம், புதியவரை மனதார ஏற்கவில்லை. ஒருவரை ஒருவர் பிடிக்க எந்தக் காரணமும் இல்லாத இந்த இரண்டு பேரும் சேர்ந்து நின்றதால்தான் ஊர் கேட்டது. எனக்கு ஈமில் மிகவும் பிடித்த செய்தி இதுதான். எந்த வழிகாட்டியும் இதற்கு அரை நிமிஷத்துக்கு மேல் தருவதில்லை என்பது என் மனக்குறை.

அதே மொம்பெசன், எல்லையை மூடுவதற்கு முன்பே தன் இரண்டு பிள்ளைகளையும் வெளியே அனுப்பிவிட்டார். வசதியுள்ள வேறு சிலரும் முன்பே கிளம்பிவிட்டார்கள். மனைவி காதரினையும் போகச் சொன்னார், அவள் போகவில்லை. ஆகஸ்ட் 25 அன்று இறந்தாள். கல்லறைத் தோட்டத்தில் எட்டாம் நூற்றாண்டு சாக்சன் சிலுவைக்குப் பக்கத்தில் அவள் கல்லறை. அதன் ஒரு முனையைக் குனிந்து பார்: இறக்கை முளைத்த மணற்கடிகாரம் செதுக்கியிருக்கும். மறுமுனையில் மண்டையோடு. வீட்டாரே தோட்டத்தில் புதைப்பது என்ற விதி வந்த பிறகு பிளேக்கில் போனவர்களில் தேவாலய வளாகத்தில் இப்படிக் கல்லறை கண்டவர் அவள்தான். போதகர் மனைவி என்பதால் அவளுக்கு விதி தளர்ந்தது, மற்றவர்களுக்குத் தளரவில்லை என்று உனக்குத் தோன்றினால் அந்த நினைப்பை விரட்டாதே. அவளுக்காக வருத்தப்படவும் செய். இரண்டும் ஒரே மனதில் இருக்கலாம்.

மொம்பெசன் 1669-ல் நாட்டிங்ஹாம்ஷயரில் ஈக்ரிங் என்ற ஊருக்கு மாற்றலாகிப் போனார். பிளேக் ஊரிலிருந்து வந்தவர் என்று அந்த ஊர் பயந்து, முதலில் அவரை ஊருக்கு வெளியே குடிசையில் வைத்தது, மரத்தடியில் நின்று பிரசங்கம் செய்யச் சொன்னது என்பார்கள்.

8. ஊருக்குக் கிழக்கே மேட்டில் ரைலி கல்லறைகள். ஏற்றம், மெதுவாகப் போ. வயலுக்கு நடுவே வட்டமாக ஒரு கல் சுவர், அதற்குள் ஹான்காக் குடும்பத்தின் ஏழு பேர். எலிசபெத் ஹான்காக் தன் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் 1666 ஆகஸ்டில் எட்டு நாளுக்குள் தன் கையாலேயே புதைத்தாள். உதவிக்கு யாரும் பக்கத்தில் வரவில்லை. வந்திருந்தால் அவர்களும் போயிருப்பார்கள். அவள் பிழைத்து, ஷெஃபீல்டில் இருந்த மகனிடம் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே மட்டும் குரலை நிறுத்திவிடு. அந்த இடத்துக்கான பகுதியை ஏறுவதற்கு முன்பே, கீழே சாலையில் நின்று கேட்டு முடித்துக்கொள். மேலே போய்ச் சும்மா நில். ஒருமுறை என் தங்கை மகனை அங்கே அழைத்துப் போனேன், துறுதுறுவென்று ஓர் இடத்தில் நிற்காத பிள்ளை. ஒவ்வொரு கல்லாக விரல் வைத்துப் பெயர் படித்துவிட்டு, “அம்மா பேரு எங்க?” என்றான். இல்லை என்றேன். வெகுநேரம் அவன் வேறெதுவும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை எந்த ஒலிப்பதிவும் அவனுக்கு எடுத்துக் கொடுக்கவில்லை.

சுவர்மேல் உட்காராதே. செல்ஃபி எடுக்கிறவர்களைப் பார்த்தால் முறைக்கவும் வேண்டாம். சிரிக்கிற வயதில் சிரிப்பார்கள்.

9. எல்லைக்கல்லுக்கு நடந்தே போய்ப் பார். ஈமுக்கும் ஸ்டோனி மிடில்டனுக்கும் நடுவே வயல் வழியில் கிடக்கிற சாதாரணப் பாறை. மேலே குழிகள், அவற்றில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டுவைப்பார்கள். வெளியூரார் ரொட்டியும் சாமானும் வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்கள். குழிகளின் விளிம்பைத் தடவிப் பார். எத்தனையோ விரல் பட்டு வழுவழுவென்று ஆகிவிட்டன. இப்போதும் போகிறவர்கள் அதில் சில்லறை போடுகிறார்கள். போடுவதும் போடாததும் உன் இஷ்டம், எடுக்காதே.

அங்கே நிற்கும்போது மறுபக்கத்து மனிதர்களையும் நினை. உள்ளே இருந்தவர்களின் கட்டுப்பாட்டைப் பேசுகிற நாம், பயத்தோடு மேடேறி வந்து சாமான் வைத்துவிட்டுப் போனவர்களைப் பேசுவதில்லை. சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷயர் பிரபு உணவும் மருந்தும் அனுப்பினார் என்பது எல்லாருக்கும் தெரியும். கூடையைச் சுமந்தவர் பெயர் எங்கும் இல்லை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, ஈமில் முக்கால்வாசித் தொற்று எலியிடமிருந்து வராமல் மனிதரிடமிருந்து மனிதருக்கே போயிருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. அது சரியென்றால், அந்தக் கூடைதான் அவர்களை உள்ளே இருக்க வைத்தது. வெளியே இருந்தவர்களைக் காத்ததும் அதுதான்.

வயல்வழியில் எந்தப் படலைத் திறந்தாலும் மூடிவிட்டு நட. ஆடு வெளியே போனால் அலையப்போவது நீயில்லை, விவசாயி.

10. ஊரை 1666-லேயே நிறுத்திவிடாதே. ஒலிச்சுற்றுகள் பெரும்பாலும் அந்த வருஷத்தோடு முடிந்துவிடும், ஊர் முடியவில்லை. தெருவோரம் கல் தொட்டிகள் இருக்கும். 1588-லேயே குழாய் வழியாக ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஏற்பாடு அது. ஈயச் சுரங்கம் நடந்த ஊர். மதுக்கடையின் பெயரே மைனர்ஸ் ஆர்ம்ஸ். தேவாலயச் சுவரில் 1775-ஆம் வருஷத்துச் சூரியக் கடிகாரம் இருக்கிறது. வெயில் இருந்தால் உன் போன் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார், இருக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆகஸ்ட் கடைசியில் போனால் கிணறுகளுக்கும் நீரூற்றுகளுக்கும் அலங்காரம் செய்து வைத்திருப்பார்கள்: ஈரக் களிமண் பலகையில் பூவிதழ்களை ஒவ்வொன்றாக அழுத்திச் செய்த படம். ஆகஸ்ட் கடைசி ஞாயிறு பிளேக் ஞாயிறு. கக்லெட் டெல்ஃபில் இன்றும் ஆராதனை நடக்கிறது. அதற்குப் போனால் ஓரமாக நில், போனைப் பைக்குள் வை.

11. பழைய மெதடிஸ்ட் சபைக் கட்டடத்தில் 1994 முதல் நடக்கும் சின்ன அருங்காட்சியகத்தைக் கடைசியில் பார். கூரைமேல் காற்றுத்திசை காட்டியாக ஓர் எலி உட்கார்ந்திருக்கும். அந்த ஊருக்குத் தன்னைப் பார்த்தே சிரிக்கத் தெரியும் என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும். முதலில் அங்கே போனால் எல்லாம் தெரிந்த மாதிரி ஆகிவிடும், தெருவில் தேட ஒன்றும் மிஞ்சாது. சுற்றி முடித்துவிட்டு, மனதில் நாலு கேள்வியோடு போ. உள்ளே இருக்கிற பெரியவர்களிடம் கேள். கேட்கத் தெரிந்தவரிடம் அவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள், கண்ணு. உன் ஆங்கில உச்சரிப்பைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

12. பார்த்ததற்கு விலையாக ஊரில் கொஞ்சமாவது செலவழி. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, குப்பையை மட்டும் ஊருக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். புளிச்சோறு கொண்டு போ, நானே செய்து தருகிறேன். டீயை அங்கே வாங்கிக் குடி. உண்டியலில் ஒரு பவுண்டு போடு.

13. ஊரில் இறங்கியதும் திரும்பும் பஸ் நேரத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்; ஞாயிற்றுக்கிழமை வண்டி குறைவு. பஸ் தவறினால் கிரிண்டில்ஃபோர்டு ரயில் நிலையம் சில மைல் தூரத்தில் இருக்கிறது, இருட்டுவதற்கு முன் நடக்க முடியும் என்றால் மட்டும் நட. டிரைவரிடம் ‘ஈம்’ என்றே சொல், எழுத்தைக் கூட்டிப் படித்தால் அவருக்குப் புரியாது. மழைக்கோட்டு எடுத்துக்கொள். செருப்பு வேண்டாம், அந்த வயலில் சேறு கணுக்கால்வரை வரும். ஷெஃபீல்டு திரும்பியதும் போன் செய். எத்தனை மணி ஆனாலும் விழித்திருப்பேன்.